நேபாளத்திலிருந்து ஊருக்குத் திரும்புகிறோம்: "எத்தனை பேர்?" என்று கேட்டவருக்கு

ஒரு வாசகர், 2024 பிப்ரவரி 18

மிஷனெரி என்பதே வெள்ளைக்காரர் காலத்து வேலை. நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளையும் கூட்டிக்கொண்டு வெளிநாட்டு ஊழியத்துக்குப் போவது எதற்கு? நம் ஊரில் இல்லாத தேவையா? அப்படிப் போனவர்கள் யாராவது இங்கே இருந்தால் நேராகச் சொல்லுங்கள். எத்தனை வருஷம் இருந்தீர்கள், எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள், திரும்பும்போது கையில் என்ன இருந்தது?

2024 பிப்ரவரி 19

நான் இருக்கிறேன். நேபாளம், மேற்கு மலைப்பகுதி, 2012 ஜூலையிலிருந்து. நான் நர்ஸ், பெரும்பாலும் பிரசவ வார்டு. என் வீட்டுக்காரர் அதே மிஷன் ஆஸ்பத்திரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார்: கரண்ட், தண்ணீர், ஜெனரேட்டர், ஆக்சிஜன். வந்தபோது மகளுக்கு இரண்டு வயது. இப்போது எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். மகன் இங்கே பிறந்தவன், ஒன்பது வயது. ஏப்ரல் கடைசியில் ஊருக்கு வருகிறோம், தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம்.

எத்தனை பேர் என்றால், பூஜ்யம். கையில் ஒன்றும் இல்லை. மீதியை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 22

பூஜ்யம் என்றதும் நிறையப் பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள். விளக்கமாகச் சொல்கிறேன்.

நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். 2015 அரசியலமைப்பிலேயே தடை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை. இது புதிதாக முளைத்ததும் இல்லை. ராணா குடும்பத்து ஆட்சி முடிந்து 1951-இல் நாடு திறந்த பிறகு, தான்சேனில் ஆஸ்பத்திரி நடத்த 1954-இல் யுனைடெட் மிஷன் டு நேபாள் என்ற மிஷன் அமைப்பு வந்தபோதும், மதம் மாற்றும் வேலையில் இறங்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. நாங்களும் இதை ஒப்புக்கொண்டுதான் வந்தோம். ஒப்புக்கொண்டுவிட்டு ராத்திரியில் கைப்பிரதி கொடுப்பது எங்களுக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் நேபாளத்தில் சபையே இல்லையா என்றால், இருக்கிறது, வளர்ந்துகொண்டும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 1.4 சதவீதம், 2021-இல் 1.76 சதவீதம். அதை வளர்த்தவர்கள் நேபாளிகள். டார்ஜிலிங், கலிம்போங் பக்கம் விசுவாசத்துக்கு வந்த நேபாளிகள் 1952-இல் பொக்ரா வந்து தொடங்கிய சபை இன்றும் இருக்கிறது. சிறைக்குப் போனவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அந்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூட என் பெயரில் எழுத எனக்கு உரிமையில்லை. அதனால்தான் பூஜ்யம் என்றேன்.

2024 பிப்ரவரி 23

என் வீட்டுக்காரர் மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "பூஜ்யம் என்று எழுதுவதும் கணக்கு எழுதுவதுதான். கணக்கு நம் கையில் இல்லை என்று எழுது" என்கிறார். அவர் சொல்வது சரி. பூஜ்யத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

2024 பிப்ரவரி 27

"நம் ஊரில் இல்லாத தேவையா" என்ற கேள்விக்கு வருகிறேன்.

வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு பெண்ணை டோகோவில் வைத்துத் தூக்கி வந்தார்கள். டோகோ என்பது முதுகில் சுமக்கும் மூங்கில் கூடை. நெற்றியில் பட்டை போட்டுச் சுமப்பார்கள். ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு அதில் ஆளை உட்கார வைத்து, ஒருவர் மாற்றி ஒருவராக ஆறு மணி நேரம் இறங்கி வந்திருக்கிறார்கள். குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருந்தது. தாய் பிழைத்தாள். தூக்கி வந்தவர்களில் அவள் புருஷன் இல்லை, அவன் கத்தாரில். மாமனாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான்.

மாட்டுக்குத் தழை வெட்ட மரமேறி விழுந்து முதுகெலும்பு உடைந்தவர்கள், குளிர்காலத்தில் அடுப்பங்கரையில் சேலையில் தீப்பிடித்தவர்கள், வாழ்நாளெல்லாம் விறகுப் புகை குடித்து மூச்சுத் திணறுகிற கிழவிகள். இதுதான் எங்கள் வார்டு.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1996-இல் இங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 539 தாய்மார் இறந்தார்கள். 2021 கணக்கில் 151. இந்த மாற்றம் எங்களால் வந்ததல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளை பெறுகிற தாய்க்கு அரசாங்கம் வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தது, ஜீப் போகிற அளவுக்கு ரோடு வந்தது, கிராமத்துச் சுகாதாரத் தொண்டர் பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நாங்கள் ஒரு மூலையில் கைகொடுத்தோம், அவ்வளவுதான். இப்போது எங்கள் வார்டில் நான் செய்கிற வேலையை நேபாளி நர்சுகள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள். நாங்கள் கிளம்ப அதுவும் ஒரு காரணம். மற்றவை, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, மகளுக்குப் பத்தாம் வகுப்பு நெருங்குகிறது.

2024 மார்ச் 3

சம்பளம் கேட்டவருக்கு: ஊரிலிருந்து ஏழெட்டு குடும்பங்களும் இரண்டு சபைகளும் மாதா மாதம் அனுப்பியதுதான். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், பல வருஷமாக அதே கணக்கு. சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போதும். பி.எஃப். கிடையாது, வீடு கிடையாது. இரண்டு சபைகளில் ஒன்று நாலாம் வருஷம் நின்றுபோனது. பணம் நின்றதைத் தாங்கிக்கொண்டோம். ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த வரிக்காகக் கொஞ்ச காலம் காத்திருந்தேன்.

2024 மார்ச் 9

லாலிகுராஸ் பூத்துவிட்டது. மலை முழுக்கச் சிவப்பு. காலையில் மேகம் விலகினால் தௌலாகிரி தெரிகிறது. ஊரில் எல்லோரும் எவரெஸ்ட் படம் கேட்கிறார்கள். நாங்கள் எவரெஸ்டைப் பார்த்ததே இல்லை, அது நாட்டின் அந்தக் கோடியில்.

இன்று சனிக்கிழமை, ஆராதனை நாள். இங்கே வார விடுமுறை சனிதான், அதனால் சபை கூடுவதும் சனிக்கிழமை. மாதல் மேளம் தட்டிப் பாடுவார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காருவோம். 2015 ஏப்ரல் 25-ம் தேதியும் சனிக்கிழமைதான். காலை 11:56. பாடல் முடிந்து ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மகன் நாலு மாதக் குழந்தை, மடியில் தூங்கினான். தரை தண்ணீர் மாதிரி அசைந்தது. எங்கள் பக்கம் சுவரில் விரிசலோடு போயிற்று. கிழக்கே ஆராதனையில் இருந்தபடியே கட்டடம் விழுந்து இறந்த சபையார் உண்டு. பள்ளிக்கூடங்கள் லீவு என்பதால் பிழைத்த பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரே சனிக்கிழமை இரண்டையும் செய்தது. இதை நான் எந்தச் சாட்சிக் கூட்டத்திலும் சொன்னதில்லை. எனக்கு இன்னும் பதில் தெரியாது.

2024 மார்ச் 16

மகள் தமிழ் எழுத்து படிக்கிறாள். ஊரில் ஸ்டேட் போர்டில் சேர்ந்தால் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுதியாக வேண்டும். பேசுவாள், நம் ஊர்ப் பேச்சு அப்படியே வரும், எழுத்து மட்டும் தேவநாகரி.

அவளுடைய சிக்கல் இது: நேபாளியில் க என்ற ஒலிக்கு நாலு எழுத்து. தமிழில் ஒன்றே ஒன்று. "காகம்னு எழுதினா முதல் எழுத்து ஒரு சத்தம், ரெண்டாவது வேற சத்தம். எப்படிம்மா தெரியும்?" ஃபோனில் ஆச்சியிடம் கேட்டாள். "வாயில தானா வரும்ட்டி" என்றார் ஆச்சி. இவளுக்கு வாயில் வருகிறது, கண்ணில்தான் வரவில்லை.

மகனுக்கு ஊர் என்பது 2019-இல் போன ஒரு மாத லீவு. தேரிக்காட்டின் செம்மண்ணையும் பனைகளையும் பார்த்துவிட்டு, "இங்கே ஏன் நிலமெல்லாம் படுத்துக் கிடக்கு?" என்று கேட்டான். அவனுக்கு நிலம் என்றால் நிற்க வேண்டும்.

"திரும்புகிறோம்" என்று நான் சொல்லும்போதெல்லாம் மகள் திருத்துகிறாள். "நீங்களும் அப்பாவும் திரும்புறீங்க. நாங்க போறோம்."

2024 மார்ச் 20

பிள்ளைகளைப் பலிகொடுத்துவிட்டோம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேலே உள்ளதைப் படித்துவிட்டு அப்படித் தோன்றியிருக்கும். ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அவர்கள் இழக்கப்போவது நாங்கள் கொடுத்த இந்த மலையைத்தான். மலையே கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்களைக் கேட்காமல் கூட்டி வந்தோம், கேட்காமல் கூட்டிப் போகிறோம். அது உண்மை. நேற்று மகளிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றாள். அப்புறம் தன் பையில் எதை வைப்பது என்ற பேச்சுக்குப் போய்விட்டாள்.

2024 மார்ச் 27

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சமையலுக்கும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஒருவர் வந்தார், பன்னிரண்டு வருஷமாக. நான் தீதி என்பேன், அக்கா என்று அர்த்தம். பிள்ளைகள் டூலியாமா என்பார்கள். டூலி என்றால் பெரிய, ஆமா என்றால் அம்மா. நம் பெரியம்மாவேதான். நான் நைட் டூட்டி போன நாட்களில் மகன் தூங்கியது இவர் முதுகில்.

ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். தீதி வீடு காம்பவுண்டு சுவருக்குக் கீழே, நூறு படி இறங்கினால் வரும். முதல் மூன்று வருஷம் நான் அங்கே போய்ச் சாப்பிட்டதில்லை. நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2015 செப்டம்பர் 20-ம் தேதி நேபாளத்தில் புது அரசியலமைப்பு வந்தது. சில நாளில் எல்லையில் லாரிகள் நின்றுபோயின. இந்தியாதான் நிறுத்திவிட்டது என்பது இங்கே எல்லோர் பேச்சும். நம் அரசாங்கம் மறுத்தது. அடுத்த பிப்ரவரி வரை பெட்ரோல் இல்லை, மருந்து தட்டுப்பாடு, கேஸ் சிலிண்டர் வந்தால் பாதிதான் நிரப்பியிருக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் தேடி என் வீட்டுக்காரர் நடந்த நடை கொஞ்சமில்லை. கடைத்தெருவில் ஒருவர் என் முகத்துக்கு நேரே, "உங்க நாடு எங்க அடுப்பை அணைச்சிடுச்சு" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் இந்தியப் பெண், என் வீட்டிலும் அடுப்பு அணைந்துதான் கிடந்தது.

அன்று சாயங்காலம் தீதி வந்து, "அரிசியை எடுத்துக்கிட்டு கீழே வாங்க" என்றார். அவர் வீட்டு மண் அடுப்பில் விறகு எரிந்தது. சமைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். டால்பாத் (பருப்பும் சோறும்), குந்த்ருக் (புளிக்கவைத்துக் காயவைத்த கீரை), முள்ளங்கி ஊறுகாய். ஐந்து மாதம் அப்படித்தான், அநேகமாகத் தினமும். அவருடைய மாமியாரின் கால்வலி, மலேசியாவில் இருக்கும் மகன் பணம் அனுப்பாதது, சின்ன வயதில் செத்துப்போன இரண்டு பிள்ளைகள், எல்லாம் அந்த அடுப்பின் முன்னால்தான் தெரிந்தது. மூன்று வருஷம் என் அடுப்படியில் நின்றவரைப் பற்றி எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

2024 மார்ச் 28

ஒன்று விட்டுவிட்டேன். வி. எஸ். அசரியா நம் பக்கத்துக்காரர். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு தோர்ணக்கல் பேராயர். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் முன்னால் நின்று அவர் பேசியதை ஞாயிறு பள்ளியில் கேட்டே வளர்ந்தேன். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார்.

சின்ன வயதில் அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அசரியா பக்கம் நின்று கேட்டேன். நம்மை வாசலோடு நிறுத்திய துரைமார் மேல் கோபம் வரும். இங்கே வந்து காம்பவுண்டுக்குள் குடியிருந்தபோது நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று மூன்று வருஷம் கவனிக்கவே இல்லை. வெள்ளைக்காரர் காலத்து வேலை என்று முதல் பதிவில் எழுதினாரே, எனக்கு அதில் பட்டது அந்த இடம். நிறம் மாறிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

2024 ஏப்ரல் 2

மார்ச் 27-ம் தேதி எழுதியதில் ஒரு தவறு. மகள் படித்துவிட்டுச் சொன்னாள். அதற்கு முன்பே நான் தீதி வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

2013 தசைன், நம் தசரா மாதிரி இங்கே பெரிய பண்டிகை. அப்போது இவளுக்கு மூன்று வயது, இவளுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை, டூலியாமா சொல்லித்தான் தெரியும் என்கிறாள். தசைனில் வீட்டுப் பெரியவர்கள் தயிரும் அரிசியும் சிவப்பும் குழைத்து நெற்றியில் டீகா வைத்து ஆசீர்வதிப்பார்கள். அதற்குக் கூப்பிட்டார். போனேன். தட்டோடு மாமியார் நெருங்கியதும், "எங்களுக்கு ஆகாது" என்று கையைக் காட்டிவிட்டேன். சமைத்து வைத்திருந்ததையும் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேபாளி விசுவாசிகளே டீகா வைத்துக்கொள்வதில்லை. அதில் அவர்கள் ரொம்பக் கண்டிப்பு, சொந்த அப்பாவிடமே மறுத்து வீட்டைவிட்டு வெளியேறியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே டீகா வேண்டாம் என்றது தவறில்லை, இன்றும் அப்படித்தான் சொல்வேன். சாப்பிடாமல் வந்தது எதற்கு? அதற்கு எந்த வேதவசனமும் இல்லை. பயம். யாராவது பார்த்து ஊரில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

இதை நான் மறந்தே போனேன் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் மறக்கவில்லை. மறக்காமலேயே இரண்டு வருஷம் கழித்து அரிசியோடு வரச் சொல்லியிருக்கிறார்.

2024 ஏப்ரல் 7

சாமான் கட்டுகிறோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஐந்து பெட்டி. பிரஷர் குக்கர், மாவு அரைக்கும் மிக்சி, கம்பளி எல்லாம் வார்டு நர்சுகளுக்கு. நாசரேத்தில் கம்பளிக்கு என்ன வேலை! ஒரு டப்பாவில் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு மூன்று கிடைத்தது, 2016-இல் மாற்ற வழியில்லாமல் போனவை. மகன் அதைத் தன் ஸ்டாம்ப் ஆல்பத்தில் வைத்துக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் ஆக்சிஜன் அறைச் சாவியை நேற்று ஒப்படைத்தார். 2021 மே மாதம் நாடே சிலிண்டருக்கு அலைந்தது. மலையேறுபவர்களிடம் காலி சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்கள். அந்த மாதம் இவர் அந்த அறை வாசலில்தான் படுத்தார். சாவியை வாங்கிக்கொண்ட பையன் இவரிடமே வேலை கற்றவன். இவர் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. நாற்பத்தாறு வயதில் ஊரில் என்ன வேலை தேடுவது என்று தெரியவில்லை. அனுபவச் சான்றிதழில் என்ன எழுதச் சொல்வது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

2024 ஏப்ரல் 14

நேற்று இங்கே புது வருஷம், விக்ரம் சம்வத் கணக்கில் 2081. இன்று நமக்கு. வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தேன். தீதி வீட்டில் எல்லோரும் வந்தார்கள்.

ஊரிலிருந்து ஒரு சபையில் கேட்டிருக்கிறார்கள், மே மாதம் சாட்சி சொல்ல வேண்டுமாம். பதினைந்து நிமிஷம், படங்களோடு. படத்தில் ஆஸ்பத்திரி, நோயாளிகள், மலை இருந்தால் நல்லது என்றார்கள். தீதி வீட்டு அடுப்பைப் படம் எடுத்துத் தரச் சொன்னேன் மகளிடம். எடுத்தாள். இருட்டில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் தணலும் ஒரு கையும் மட்டும். அதைத்தான் காட்டப்போகிறேன். 2013-ஐயும் சேர்த்துத்தான் சொல்வேன்.

2024 ஏப்ரல் 21

டிக்கெட்: கோரக்பூரிலிருந்து சென்னைக்கு ராப்தி சாகரில் மூன்று உறுதி, ஒன்று ஆர்.ஏ.சி. சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ். நாசரேத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். மகன் கேட்டான், ரயில் எத்தனை மலை ஏறும் என்று.

2024 ஏப்ரல் 26, கோரக்பூர்

எல்லை தாண்டியாயிற்று. லாட்ஜில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். வெயில் தாங்கவில்லை.

நேற்று காலை ஐந்து மணிக்கு ஜீப். ஆஸ்பத்திரி ஆட்கள் மாலை போட்டார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள். தீதி கடைசியாக வந்தார். இந்த நாட்டில் தூரம் போகிறவர்களுக்கு டீகா வைத்துத்தான் அனுப்புவார்கள். வைக்காமல் அனுப்பினால் மனசு ஆறாது. தட்டு கொண்டுவருவார், நான் என்ன செய்வேன் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருந்தேன். தட்டு இல்லை. சாமந்தி மாலையும், வழிக்குக் கொறிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் தித்தௌராவும் மட்டும் வைத்திருந்தார்.

"உங்களுக்கு ஆகாதுன்னு தெரியும்" என்றார்.

நான் குனிந்தேன். வெறும் கையைத் தலையில் வைத்தார். மகன் அவர் முதுகைவிட்டு இறங்க மாட்டேன் என்றான், ஒன்பது வயதில். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் நாங்கள் யாரும் ஏறவில்லை.